மக்கள் நம்பிய மகசேசே

பொது அறிவுப் போட்டிகளுக்குப் படிக்கும் மாணவர் எவரும் மகசேசே விருது என்னும் பெயரை அறியாமல் இருக்க முடியாது. 1958-இல் வினோபா பாவே, 1965-இல் ஜெயப்பிரகாஷ் நாராயண், 1971-இல் எம்.எஸ். சுவாமிநாதன், 1974-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி, 2005-இல் டாக்டர் வி. சாந்தா, 2012-இல் கிருஷ்ணகிரிப் பகுதிக் கிராமப் பெண்களிடையே சுய உதவிக் குழுக்களை வளர்த்த குழந்தை பிரான்சிஸ் என்று அந்தப் பட்டியலை நானும் மனப்பாடம் செய்தவன்தான். ஆனால் விருது பெற்றவர்களை அறிந்த அளவுக்கு, விருதுக்குத் தம் பெயரைத் தந்த மனிதரை நான் அறிந்திருக்கவில்லை.

அவரைத் தேடிப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது ஒரு திங்கட்கிழமையன்று. எங்கள் தெருக் குடிநீர்க் குழாய் பற்றி மனுக் கொடுக்க என் தந்தையாருடன் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். அது நாங்கள் கொடுத்த நான்காவது மனு. முந்தைய மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பேருந்தில் என் தந்தையார், மனு எழுதுவது உன் கையெழுத்துக்கு நல்ல பயிற்சி என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது. அரசின் மீது கோபம் கொண்டவன் மீண்டும் மனு எழுதுவான். சிரிக்கத் தொடங்கியவன் எழுத மாட்டான். அந்த வாரத்தில்தான் கல்லூரி நூலகத்தில் பிலிப்பைன்ஸ் வரலாற்று நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. ஒரு நாடே அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் அதன் நம்பிக்கையை மீட்க முயன்ற ஒருவரின் கதை அதில் இருந்தது. அதையே இங்கு எழுதுகிறேன்.

கொல்லர் பட்டறையில் வளர்ந்தவர்

ரமோன் மகசேசே 1907 ஆகஸ்டு 31-ஆம் நாள் லூசோன் தீவின் மேற்குக் கரையிலுள்ள சம்பாலெஸ் மாகாணத்தில், ஈபா என்னும் ஊரில் பிறந்தார். அப்போது பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்தது. தந்தை எக்ஸ்கியேல் பள்ளியில் தச்சுத் தொழில் கற்பித்தவர். கல்வி அதிகாரி ஒருவரின் மகனைத் தேர்ச்சி பெற்றவனாகக் காட்ட மறுத்ததால் அவர் வேலையை இழந்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பிறகு குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தை கொல்லுப் பட்டறை வைத்தார். மகன் அங்கே இரும்பு அடித்தும் எடுபிடி வேலைகள் செய்தும் வளர்ந்தார். தாய் பெர்பெக்தாவும் ஆசிரியை.

1927-இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். படிப்புச் செலவுக்காகக் கார் ஓட்டும் வேலை பார்த்தார். உடல்நலம் இடம் தராததால் அதை விட்டு, ஜோஸ் ரிசால் கல்லூரியில் வணிகவியல் பட்டம் பெற்றார். அதன்பின் பேருந்து நிறுவனம் ஒன்றில் மெக்கானிக்காகச் சேர்ந்து, படிப்படியாகக் கிளை மேலாளர் ஆனார். பிலிப்பைன்ஸின் அந்நாளைய தலைவர்களில் பெரும்பாலோர் சட்டம் படித்தவர்கள். நிலக்கிழார் குடும்பங்களில் பிறந்தவர்கள் அல்லது அவர்களோடு உறவுடையவர்கள். இவரோ எண்ணெய்க் கறை படிந்த கையோடு பொதுவாழ்வுக்கு வந்தவர்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பிலிப்பைன்ஸில் இறங்கியது. 1942 ஏப்ரலில் பத்தான் வீழ்ந்தபோது மகசேசே சரணடையாமல் சம்பாலெஸ் மலைகளுக்குள் சென்று கொரில்லாப் படையில் சேர்ந்தார். போர் முடியும் தறுவாயில் அவரது தலைமையின்கீழ் ஏறத்தாழ 10,000 பேர் இருந்தனர். மலையில் மறைந்திருப்பவனுக்குச் சோறு கொடுப்பவன் கிராமத்தான்; காட்டிக் கொடுக்க வல்லவனும் அவனே. கிராமத்தான் நம்பினால்தான் அந்தப் படை ஒரு நாள் கழியும். பிற்கால மகசேசேயைப் புரிந்துகொள்ள இந்த மூன்று ஆண்டுகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

1945-இல் அவர் சம்பாலெஸின் இராணுவ ஆளுநராக நியமிக்கப்பட்டார். 1946 ஜூலை 4-இல் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டே தேர்தலில் வென்று நாடாளுமன்ற உறுப்பினரானார். 1949-இல் மீண்டும் வென்றார்.

ஒரு நாடும் இரண்டு அரசுகளும்

விடுதலை பெற்ற நாட்டில் அமைதி இல்லை. லூசோன் தீவின் நடுப்பகுதி நெல் விளையும் சமவெளி. அங்கே உழுபவனுக்குச் சொந்த நிலம் இல்லை. விளைச்சலில் பாதி நிலக்கிழாருக்குப் போகும். மீதியில் பெரும்பங்கு விதைக்கடனுக்கும் வட்டிக்கும் போகும். ஜப்பானியரை எதிர்த்து 1942 மார்ச்சில் அப்பகுதி விவசாயிகள் அமைத்த ஹுக்பலஹாப் என்னும் படை, போருக்குப் பின்னும் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. சுருக்கமாக ஹுக் என்று அழைக்கப்பட்ட அவர்கள், 1946 தேர்தலில் வென்ற தங்கள் தலைவர்களை நாடாளுமன்றத்தில் அமர விடாமல் தடுத்தபின் முழுக் கலகத்தில் இறங்கினர். 1950-இல் ஆயுதம் தாங்கிய ஹுக்குகள் 10,000 பேருக்கு மேல் இருந்தனர்.

அந்தக் கிராமங்களில் அரசு என்பது எந்த வடிவில் தோன்றியது? வாடகைக்கு அமர்த்தப்பட்ட நிலக்கிழாரின் காவலர்கள், சோதனை என்று வந்து கோழியையும் அரிசியையும் தூக்கிச் சென்ற படைவீரர்கள், வாக்குப் பெட்டியை மாற்றிய அரசியல்வாதிகள் ஆகியோரே கிராமத்தான் கண்ட அரசு. 1949-ஆம் ஆண்டுத் தேர்தல் அந்நாட்டு வரலாற்றில் மிக மோசமான தேர்தல்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. அதே வேளையில் ஹுக்குகள் ஊர்களில் வழக்குத் தீர்த்தனர், எழுத்துக் கற்பித்தனர், வரியும் வாங்கினர். ஒரே ஊரில் இரண்டு அரசுகள் இருந்தன. எதற்கு முறையிட்டால் காரியம் நடக்குமோ அதன் பக்கம் மக்கள் சாய்ந்தனர்.

கோழி திருடாத படை

1950 செப்டம்பர் 1-ஆம் நாள் குடியரசுத் தலைவர் எல்பிடியோ கிரினோ, மகசேசேயைப் பாதுகாப்புத் துறைச் செயலாளராக நியமித்தார். அவருக்கு அப்போது வயது 43.

அவர் முதலில் திருத்தியது தம் படையைத்தான். அதுவரை வீரனின் நாள்படி 30 சென்டவோ. நூறு சென்டவோ சேர்ந்தால் ஒரு பெசோ. 30 சென்டவோவில் வயிறு நிரம்பாதவன் குடியானவனின் கோழிக்கூட்டைத்தான் தேடிப் போவான். படியை ஒரு பெசோவாக உயர்த்திய மகசேசே, அதன்பின் கிராமத்தில் கைவைத்தவனை மன்னிக்கவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் விடியற்காலையில் முகாம்களுக்குச் சென்றார். தூங்கிய அதிகாரியையும் களவாடிய அதிகாரியையும் அன்றே நீக்கினார். நிலக்கிழாரோடு வழக்காட வசதியில்லாத குத்தகை விவசாயிகளுக்காக, படையைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் கட்டணமின்றி நீதிமன்றத்தில் வாதாடினர். ஆயுதத்தோடு வந்த சீருடையை மட்டுமே அறிந்திருந்த உழவன், தன் பக்கம் நின்று பேசிய சீருடையை முதன்முதலாகக் கண்டான்.

ஆயுதம் கைவிட்டு வந்தவர்களுக்கு நிலமும் வழங்கத் தொடங்கினார். 1951-இல் மின்டனாவோ தீவில் காடு திருத்தி, படையின் உதவியோடு முதல் குடியேற்றம் அமைந்தது. வீடு, கருவி, உணவு ஆகியவை கடனாகத் தரப்பட்டன. உண்மையைச் சொன்னால் இந்தத் திட்டம் அளவில் சிறியது. குடியேறிய குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தும் 1,000-ஐ எட்டவில்லை. அவர்களில் முன்னாள் ஹுக்குகள் சிறுபான்மையினரே. ஆயினும் அந்தச் செய்தி மலைகளுக்குள் பரவியது. நிலத்துக்காக ஆயுதம் எடுத்தவனுக்கு, ஆயுதத்தை வைத்தால் நிலம் என்ற பேச்சு கேட்டது.

பத்து சென்டவோ தந்தி

மகசேசே செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் எந்தக் குடிமகனும் பத்து சென்டவோ மட்டும் செலுத்தி அவருக்கு நேரே தந்தி அனுப்பலாம் என்று ஏற்பாடு செய்தார். படைவீரன் அடித்தான், அதிகாரி கையூட்டுக் கேட்டான், தேர்தலில் மிரட்டுகிறார்கள் என்று தந்திகள் வந்து குவிந்தன. வந்த முறையீடுகள் விசாரிக்கப்பட்டன, பதில் அனுப்பப்பட்டது.

பத்து சென்டவோ சிறிய தொகை. ஆனால் அந்தத் தந்தி, நடுவிலிருந்த அத்தனை படிக்கட்டுகளையும் தாண்டிச் சென்றது. ஊர்க் காவலரைப் பற்றிய புகாரை அதே காவலரின் மேலதிகாரியிடம் கொடுக்கும் நிலை மாறியது. குறை தீர்ந்ததா என்பதைவிட, கேட்டார்கள் என்பதே பலருக்குப் புதுமையாக இருந்தது.

ஓர் உடலைச் சுமந்தவர்

1951-இல் உள்ளாட்சிப் பதவிகளுக்கும் செனட் சபைக்கும் தேர்தல் வந்தது. நெக்ரோஸ் தீவின் மகல்லோன் என்னும் சிற்றூரில் மோய்சஸ் பாடில்லா என்பவர் நகரத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். அந்த மாகாண ஆளுநர் சொந்தப் படை வைத்திருந்தவர். அவர் விரும்பாத வேட்பாளர் எவரும் அங்கு நிற்பதில்லை. பாடில்லாவைப் பிடித்துச் சென்று, பல நாள் சித்திரவதை செய்து, ஊர் ஊராகக் காட்டி, இறுதியில் சுட்டுக் கொன்றார்கள்.

காப்பாற்றும் எண்ணத்தோடு விமானத்தில் பறந்து சென்ற மகசேசே, உடலைத்தான் கண்டார். அந்த உடலைத் தம் கைகளில் ஏந்திச் சுமந்து வந்தார். அதோடு நிற்கவில்லை. ஆளுநரின் படையைக் கலைத்தார். ஆளுநர் மீது கொலை வழக்குத் தொடரப்பட்டது. 1954-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அந்த ஊர் இன்று மோய்சஸ் பாடில்லா என்றே அழைக்கப்படுகிறது.

அத்தேர்தலில் வாக்குச்சாவடிகளைப் படைவீரர்களும் பயிற்சி பெறும் மாணவர் படையினரும் காத்தனர். வென்றது எதிர்க்கட்சி. ஆளும் கட்சி அமைச்சர் ஒருவர் நேர்மையாகத் தேர்தல் நடத்தித் தம் கட்சி தோற்கக் காரணமானார் என்பது மக்கள் வியந்த செய்தி. ஒரு சிற்றூர்த் தலைவர் பதவிக்கு நின்றவனின் உயிருக்குத் தலைநகர் கணக்குக் கேட்டது என்பது அதைவிடப் பெரிய செய்தி. ஹுக் இயக்கத்தின் வலு அதன்பின் வேகமாகக் குறைந்தது.

திறந்த மாளிகை

கிரினோவோடு கருத்து வேறுபட்டு 1953 பிப்ரவரியில் பதவி விலகிய மகசேசே, எதிர்க்கட்சி வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். அதுவரை வேட்பாளர்கள் மாகாணப் பெரும்புள்ளிகளைக் கண்டு பேசி வாக்குகளை மொத்தமாகப் பெறுவதே வழக்கம். இவர் பாரியோ பாரியோவாக நடந்தார். பாரியோ என்பது நம் ஊர்க் குக்கிராமம் போன்றது. நவம்பர் 10-ஆம் நாள் நடந்த தேர்தலில் 68.9 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்றார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அவரது வெற்றிக்குப் பின்னால் அமெரிக்காவின் கையும் இருந்தது. அமெரிக்க உளவுத் துறையைச் சார்ந்த எட்வர்ட் லான்ஸ்டேல் அவருக்கு நெருங்கிய ஆலோசகர். பணமும் விளம்பர உதவியும் வந்தன. பனிப்போர்க் காலத்தில் கம்யூனிசத்துக்கு எதிரான அரணாக அமெரிக்கா அவரைக் கண்டது. அவர் வெளியுறவுக் கொள்கையும் அதையொட்டியே அமைந்தது. இதனால் அவரை வெறும் பொம்மை என்று தள்ளுவோரும் உண்டு. ஆனால் வெளிநாட்டுப் பணம் விளம்பரப் பலகை வைக்கலாமே தவிர, பாரியோக்களில் அவர்மேல் எழுந்த அன்பை உண்டாக்கியிருக்க முடியுமா என்பது என் கேள்வி.

1953 டிசம்பர் 30-இல் பதவியேற்றபோது மேலைநாட்டு உடையைத் தவிர்த்து, நாட்டு உடையான பரோங் அணிந்து வந்தார். குடியரசுத் தலைவரின் மலகனாங் மாளிகையின் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து விட்டார். காலில் சேறு படிந்த உழவர்கள் பளிங்குத் தரையில் நடந்தனர். முறையீடுகளை விசாரிக்கத் தனிக்குழு ஒன்று அமைத்தார். ஓராண்டில் அக்குழு ஏற்ற முறையீடுகள் 59,144. அவற்றுள் 31,876 நேரடியாகத் தீர்க்கப்பட்டன; ஏனையவற்றில் பெரும்பாலானவை உரிய துறைகளுக்கு அனுப்பப்பட்டன. 1954 மே மாதம் ஹுக் தலைவர் லூயிஸ் டாருக் சரணடைந்தார்.

கிணறும் நிலமும்

பிலிப்பைன்ஸ் சிற்றூர்களில் அக்காலத்தில் நல்ல குடிநீர் அரிது. ஊருக்கு ஓர் ஆழ்குழாய்க் கிணறு என்னும் இயக்கத்தை மகசேசே தொடங்கினார். நன்கொடை திரட்டியும் அரசுப் பணத்திலும் கிணறுகள் தோண்டப்பட்டன. சாலைகள் போடப்பட்டன. வேளாண் கடனுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்க்கப்பட்டன. குத்தகை விவசாயியின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1954-இலும், குத்தகை வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றமும் நிலச் சீர்திருத்தச் சட்டமும் 1955-இலும் வந்தன.

கிணறு எளிது, நிலம் கடினம். நாடாளுமன்றத்தில் நிலக்கிழார்கள் வலுவாக இருந்தனர். தனியாரின் நெல் நிலங்களில், ஒன்றாகக் கிடக்கும் 300 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதியை மட்டுமே அரசு எடுக்கலாம், அதுவும் குத்தகைதாரர்களில் பெரும்பான்மையோர் மனுக் கொடுத்தால்தான் என்று சட்டத்தின் கூர்மை மழுங்கடிக்கப்பட்டது. 300 ஹெக்டேர் என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 740 ஏக்கர்! நிலத்தைப் பொறுத்தவரை மகசேசேயின் ஆட்சி சொன்னது அதிகம், செய்தது குறைவு. இதை அவர்மீது அன்பு கொண்டோரும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஊரின் கையில் ஊர்

59,144 என்ற எண்ணை முதலில் படித்தபோது நான் வியந்தேன். இரண்டாம் முறை படித்தபோது ஐயம் பிறந்தது. ஒரு சிற்றூரின் வாய்க்கால் தகராறும் காவலரின் கையூட்டும் குடியரசுத் தலைவரின் மாளிகை வரை ஏன் போக வேண்டும்? இடையில் கேட்பதற்கு எவரும் இல்லை என்பதைத்தானே அந்த எண் காட்டுகிறது? தலைவர் நல்லவராக இருந்ததால் கதவு திறந்தது. அடுத்து வருபவர் அதை மூடிவிட்டால்?

மகசேசேயின் ஆட்சியிலேயே இதற்கான விடையும் தேடப்பட்டது. அதுவரை பாரியோவுக்குத் தலைவர் என்று ஒருவர் இருந்தார்; ஆனால் அவரை மேலேயுள்ள நகராட்சி மன்றத்தினர்தாம் நியமித்தனர். வரி போடவோ செலவிடவோ ஊருக்கு அதிகாரம் இல்லை. 1955-இல் வந்த சட்டம் பாரியோ மன்றத்தை ஊர் மக்களே தேர்ந்தெடுக்க வழி செய்தது. 1956 தொடக்கத்தில் சமுதாய வளர்ச்சிக்கென ஒரு தனி அலுவலகத்தைக் குடியரசுத் தலைவரின் நேரடிப் பார்வையில் அமைத்தார். பயிற்சி பெற்ற இளைஞர்கள் பாரியோக்களில் தங்கிப் பணிபுரிய அனுப்பப்பட்டனர்.

அந்த உதவி வழங்கப்பட்ட முறை நாம் கவனிக்கத்தக்கது. ஊருக்கு என்ன வேண்டும் என்பதை ஊர் மன்றம் கூடி முடிவு செய்யும். கிணறோ பாலமோ பள்ளிக் கட்டடமோ, அதற்கு உழைப்பாகவும் பொருளாகவும் தன் பங்கை ஊர் தரும். மீதியை அரசு மானியமாகத் தரும். மணிலாவிலிருந்து வந்து இறங்கும் கிணறு பழுதானால் மணிலாவுக்குத் தந்தி போகும். தாங்கள் கூடிப் பேசி, மணல் சுமந்து, கணக்குப் பார்த்துத் தோண்டிய கிணறு பழுதானால் ஊர் மன்றம் கூடும். முதல் கிணற்றில் ஒரு தலைவர் மீது நம்பிக்கை பிறக்கிறது; இரண்டாம் கிணற்றில் தம் ஊர் ஆட்சியின் மீது நம்பிக்கை பிறக்கிறது. இரண்டிலும் ஊறும் தண்ணீர் ஒன்றுதான்.

நம் நாட்டிலும் இதே பாடம் இதே காலத்தில் கற்கப்பட்டது. 1952 அக்டோபர் 2-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் மக்களின் முனைப்பைத் தூண்டவில்லை என்பதை 1957 நவம்பரில் பல்வந்த்ராய் மேத்தா குழு எடுத்துச் சொல்லி, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி அமைப்புகளிடம் அதிகாரத்தையும் பணத்தையும் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. சென்னை மாநிலத்தின் 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும் அதன்பின் எழுந்த ஊராட்சி ஒன்றியங்களும் அக்காலச் சிந்தனையின் விளைவுகளே.

மலையில் முடிந்த பயணம்

1957 மார்ச் 16-ஆம் நாள் மகசேசே செபு நகரில் கல்வி நிறுவனங்களில் உரையாற்றினார். நள்ளிரவுக்குப் பின் மணிலாவுக்குத் திரும்ப விமானம் ஏறினார். மார்ச் 17-ஆம் நாள் அதிகாலையில் அந்த விமானம் செபுத் தீவிலேயே மனுங்கால் மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 26 பேரில் 25 பேர் மாண்டனர். பத்திரிகையாளர் ஒருவர் மட்டும் தீக்காயங்களோடு உயிர் தப்பினார்; அவரைக் கண்டெடுத்துச் சுமந்து காத்தவர்கள் அம்மலைப் பகுதிக் குடியானவர்கள்.

மகசேசேக்கு அப்போது வயது 49. பதவிக்காலத்தில் இன்னும் ஒன்பது மாதங்கள் இருந்தன. மணிலாவில் அவரது இறுதி ஊர்வலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் திரண்டனர். அவர் பெயரால் அவ்வாண்டே விருது நிறுவப்பட்டது. 1958 முதல் வழங்கப்பட்ட அவ்விருது, அவரது பிறந்தநாளான ஆகஸ்டு 31-ஐ ஒட்டி அளிக்கப்படுவது வழக்கமாயிற்று.

எஞ்சியது என்ன?

அவருக்குப் பின் கார்லோஸ் கார்சியா பதவிக்கு வந்தார். மாளிகையின் பழைய பழக்கங்கள் மெல்லத் திரும்பின. நிலச் சிக்கல் தீராமல் கிடந்தது. 1969 மார்ச்சில் புதிய மக்கள் படை என்ற பெயரில் மற்றொரு கலகம் தொடங்கியது. 1972-இல் பெர்டினாண்டு மார்க்கோஸ் இராணுவச் சட்டம் கொண்டு வந்தார். ஒரு மனிதர் மீது வைக்கப்பட்ட நம்பிக்கை அந்த மனிதரோடு மனுங்கால் மலையில் எரிந்து போயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்று எரியவில்லை. 1959-இல் பாரியோ சாசனம் என்னும் சட்டம் நிறைவேறி, ஊர் மன்றத்துக்கு வரி விதிக்கும் உரிமையையும் சொத்துவரியில் ஒரு பங்கையும் தந்தது. பின்னர் பாரியோ, பரங்காய் எனப் பெயர் மாறியது. இராணுவச் சட்டக் காலத்தில் அது ஆட்சியாளரின் கருவியாகப் பயன்பட்டதும் உண்டு. எனினும் 1991-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அதற்கு மேலும் வலுவூட்டியது. இன்றும் அந்நாட்டில் மக்களுக்கு மிக அருகில் இருக்கும் அரசு அதுவே. பேசப்பட்ட மகசேசேயின் வீரச் செயல்களைவிட, அதிகம் பேசப்படாத அந்த 1955-ஆம் ஆண்டுச் சட்டம் நீண்ட ஆயுள் பெற்றது.

மகசேசேயைத் தெய்வமாக்கி எழுத நான் விரும்பவில்லை. நிலக்கிழாரை அவர் வெல்லவில்லை. அயல்நாட்டாரின் நிழலிலிருந்து அவர் முற்றிலும் விலகவில்லை. ஆனால் அரசு என்றால் அஞ்ச வேண்டியது, அல்லது ஏமாற்ற வேண்டியது, அல்லது சிரித்துவிட்டுப் போக வேண்டியது என்று எண்ணியிருந்த ஏழைக் குடியானவனை, பத்து சென்டவோ எடுத்துக்கொண்டு தந்தி அலுவலகத்துக்கு நடக்க வைத்தவர் அவர். அந்த நடையில் இருந்த நம்பிக்கையைச் சிறியது என்று என்னால் சொல்ல முடியாது.

நம் நாட்டில் அந்த நடை இன்னும் குறைவான தூரம். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கிராம சபைக்கு இடம் தந்தது. நம் மாநிலத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுவது நெடுநாள் வழக்கம். ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கவும், தீர்மானம் கொண்டு வரவும் அங்கே ஒவ்வொரு வாக்காளருக்கும் உரிமை உண்டு. பதினெட்டு வயது நிரம்பிய பின்னும் நான் ஒரு முறைகூடப் போனதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வருகைப் பதிவேட்டில் என் தந்தையார் கையெழுத்திட்டதுண்டு, உட்கார்ந்து பேசியதில்லை.

நான்கு மனுக்களையும் மேலே அனுப்பிய நாங்கள், ஊருக்குள் கூடும் சபையில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகசேசேயைப் படித்தபின் எனக்கு அது புரிந்தது. அடுத்த கிராம சபைக்கு எங்கள் தெருக் குழாய் பற்றிய தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறேன். என் தந்தையாரையும் அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை அவர் சிரிக்கவில்லை.